ஐந்து மணிப் பூசைக்கு முன் ஒரு குளிசை

நவம்பர் 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். இல்ஃபோர்டிலிருந்து லண்டன் ஆஸ்பத்திரிக்கு எலிசபெத் லைன் ரயில், இருக்கை இல்லை. இவர் கம்பியைப் பிடித்தபடி, இடது இமை பாதி மூடி.

நரம்பு டொக்டர் தமிழ்நாட்டுப் பிள்ளை. இமையில் ஐஸ் பையை இரண்டு நிமிடம் வைத்து எடுத்தார். கண் அகலத் திறந்தது! இரத்தப் பரிசோதனை முடிவும் வந்திருந்தது. மயஸ்தீனியா என்று பெயர்.

“மூளையில சில இடத்துல ரெண்டு நரம்பு செல் ஒட்டியே இருக்கும், கரண்ட் நேரா பாஞ்சிடும். நரம்புக்கும் தசைக்கும் நடுவுல அப்படி இல்ல, இடைவெளி இருக்கு. நரம்பு ஒரு ரசாயனத்தை விடும், தசை அதை வாங்கணும். வாங்குற இடத்தை சாரோட உடம்பே அடைச்சு வச்சிருக்கு. காலைல நல்லா இருப்பார். பேசப் பேச சோர்ந்துடும்.”

“பின்னேரத்தில நாக்குக் குழறுமோ?”

“ஆமா. குடிச்சிருக்காங்கன்னே நிறைய பேர் நினைச்சிடுவாங்க.”

குடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 5, புதன்

பால், பாண், சவர்க்காரம். டொக்டர் எழுதித் தந்த குளிசை, நாளுக்கு மூன்று.

ஆகஸ்ட் மாதத் தமிழ்ப் பூசை மனதை விட்டுப் போகிறதாக இல்லை. மாலை ஐந்துக்குத்தான் எங்களுக்குக் கோயில் கிடைக்கும். இவர் பைபிள் வாசகம் வாசிக்க, கடைசி வரிகளில் நாக்குக் குழறியது. பின்வாங்கில் யாரோ, “போட்டிட்டு வந்திட்டார் போல.” நானும் நம்பினேன். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள்! தேநீர்க் கோப்பையை மோந்து பார்த்தேன். கோட் பைகளைத் தடவினேன். பிறகு பங்குச்சபைப் பிலிப்பு அண்ணையிடம் தனியே போய், வாசகர் பட்டியலிலிருந்து இவர் பெயரை எடுக்கச் சொன்னேன். இவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பங்குச்சபைதான் எடுத்தது என்று இவர் நினைப்பு.

நவம்பர் 7, வெள்ளி

பிலிப்பு அண்ணைக்குப் போன். நோயைச் சொன்னேன்.

“ஐயோ, பாவம் மனிசன்! இந்த ஞாயிறே வாசிக்கட்டும்.” பிறகு மெதுவாக, “தங்கச்சி, நீங்கள் சொல்லித்தான் எடுத்தனான் எண்டு அவருக்குத் தெரியுமோ?”

“இல்லை அண்ணை. நானே சொல்லுறன்.”

மத்தியானம் மீன் குழம்பு. இவர் இரண்டாம் முறை போட்டுச் சாப்பிட்டார். நான் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

நாலரைக்கே இருட்டு. நாலு மணிக்குக் குளிசை, பிஸ்கட்டோடு. வாசகத்தின் கடைசி வரிவரை குரல் தெளிவு. அழுதுவிட்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சனத்தில எனக்குக் கோவமில்லை. அவையளுக்கு என்னைத் தெரியாது. நீர் ஒருத்தி என்னைச் சந்தேகப்படேல்லை. அது காணும்.”

சொல்ல வாயெடுத்தேன்.

“ஓம்” என்றேன்.