தம்பிக்கு நான் ஊற்றிய தண்ணீர்

சென்னை ஆஸ்பத்திரி,
வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். உப்பளத்தில் வெடித்த உங்கள் பாதம் ஆறிவிட்டதா? அம்மா கஞ்சி குடித்தார்.

தம்பிக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தில் பிறவியிலேயே ஓட்டை இருப்பதால் குடல் நெஞ்சுக்குள் ஏறிவிட்டது, நுரையீரல் வளரவில்லையாம். காலையில் டாக்டர், "பாக்கணும்னா இப்பவே பாத்துக்கோங்க" என்றார். ஆபத்து நேரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறேன். நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். "நீயே ஊத்தும்மா, நான் தலைய புடிச்சிக்கிறேன்" என்றார். கோயிலில் வைக்க நீங்கள் நினைத்திருந்த தமிழ்வேந்தன் என்ற பெயரைச் சொல்லி மூன்று முறை ஊற்றினேன். தொண்டையில் குழாய் இருப்பதால் அழும் சத்தம் வரவில்லை. விரலை மட்டும் மடக்கினான்.

டாக்டர் சொன்னது அம்மாவுக்கு இன்னும் தெரியாது. போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அதனால் ஊருக்குத் திரும்பும் சகாயராஜ் மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அடுத்த பஸ்ஸிலேயே வாருங்கள். பெட்டியில் இருக்கும் என் ஞானஸ்நானச் சட்டையையும் எடுத்து வாருங்கள். அவனுக்குப் பெரிதாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

உங்கள் மகள்
ஆரோக்கியசெல்வி