உபதேசியார் அழகுமுத்துவின் கல்லறையும் என் மகளின் குழியும்

அனுப்புநர்:
ப. கந்தப்பன்,
இல. 7, மேற்பிரிவு லயம்,
வெள்ளிமலைத் தோட்டம்,
கொட்டகலை.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
நுவரெலியா மாவட்டம்.

விடயம்: தோட்டத்து மயானத்தில் இரண்டு கல்லறைகள் தோண்டி அகற்றப்பட்டமை

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மயானத்தில் மெதடிஸ்த உபதேசியார் யோசேப்பு அழகுமுத்துவின் கல்லறை, கோப்பித் தோட்டக் காலத்திலிருந்து இருந்தது. தஞ்சாவூரில் பண்ணை அடிமைகளுக்குப் பிறந்த அவர், கூலி ஆட்களோடு கடல் கடந்து, நடந்தே இம்மலைக்கு வந்து தொழிலாளர் லயங்களில் வேதம் சொன்னவர். மனிதனை மனிதன் அடிமை கொள்வது பாவம் என்பதைத் தோட்டத்து வெள்ளைத் துரைமார் காதுபடவே பிரசங்கித்தார்.

2. தோட்டத்திலிருந்து தப்பியோடிய கர்ப்பிணித் தொழிலாளி ஒருத்தியைத் துரை பிடித்து வந்து கோப்பி ஸ்டோரில் பூட்டியபோது, உபதேசியார் பூட்டை உடைத்தார். அவளைக் கண்டி வரை நடத்திச் சென்று நீதவான் முன் நிறுத்தினார். அவள் விடுதலையானாள், அவருக்கோ எந்தத் தோட்டத்திலும் கால் வைக்கத் தடை. பிறகு எல்லைக்கு வெளியே தெருவில் நின்று பிரசங்கித்தார். வாந்திபேதியில் அத்தெருவிலேயே இறந்தார். சவுக்கடிக்கு அஞ்சாமல் எங்கள் ஆட்கள் அவரை உள்ளே தூக்கி வந்து புதைத்தார்கள்.

3. என் மனைவி சர்மிளா அந்தக் கர்ப்பிணியின் வழியில் வந்தவள். நாங்கள் சைவர்கள், ஆயினும் வருடந்தோறும் உபதேசியார் கல்லறையில் விளக்கேற்றுவோம். கடந்த நவம்பர் மண்சரிவில் எங்கள் எட்டு வயது மகள் நிஷாந்தி இறந்தாள். "உபதேசியாரு பக்கத்துல வைங்க. தனியா இருந்தா புள்ள பயந்துக்கும்" என்றாள் மனைவி. அப்படியே செய்தோம்.

4. இம்மாதம் 9ஆம் திகதி, சுற்றுலா விடுதிக்குப் பாதை வெட்ட தோட்ட நிர்வாகம் மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தை இறக்கியது. நாங்கள் வேலைக்காட்டிலிருந்து ஓடி வந்தபோது இரண்டு கல்லறைகளும் இல்லை. "பழைய கல்லுன்னு நெனச்சிட்டாங்க, இனி என்ன செய்ய?" என்றார் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா. உபதேசியாரின் கல் பழையதுதான். என் மகளின் குழிமேல் முந்திய நாள் வைத்த செவ்வந்தி வாடக்கூட இல்லை, ஐயா.

5. அம்மண்ணை டிராக்டரில் ஏற்றி எங்கோ கொட்டிவிட்டு, இடத்தைச் சொல்ல மறுக்கிறார்கள். சர்மிளா தினமும் தெருவோர மண்மேடுகளைக் கையால் கிளறுகிறாள். முதலில் தடுத்தேன். இப்போது நானும் கிளறுகிறேன்.

பாதையை நிறுத்தும் வலிமை எங்களுக்கில்லை. மழை தொடங்கினால் அந்த மண்ணும் ஆற்றோடு போய்விடும். அதற்குள் கொட்டிய இடத்தைக் காட்டும்படி நிர்வாகத்துக்குக் கட்டளையிடுங்கள். கிடைப்பதை நாங்களே பொறுக்கிக்கொள்வோம். இருவருக்குமாக, இனி எவரும் தோண்ட முடியாத ஒரு துண்டு நிலத்தை எழுதித் தாருங்கள்.

என் மகளை இரண்டாம் முறை புதைக்க அனுமதி கேட்டே இம்மனுவை எழுதுகிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ப. கந்தப்பன் (ஒப்பம்)

இடம்: கொட்டகலை
திகதி: 16 மார்ச் 2026