பலகையில் எழுதிய கஞ்சி

12 ஜூன் 1996, புதன்

போன மாதம், நான் உதவியாளராக இருக்கும் பாலர் பள்ளிக்குக் கொண்டைக்கடலை அவித்து எடுத்துப் போயிருந்தேன். பிள்ளைகள் பார்க்கவே அதைக் குப்பையில் கொட்டினார் சாரதா டீச்சர். “இந்த எஸ்டேட் சாப்பாடெல்லாம் இங்க வேணாம்லா. கெரோப்போக் குடு, போதும்,” என்றார். பெம்பான் எஸ்டேட்டில் பிறந்தவள் நான். அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் கெரோப்போக் என்னும் பொரித்த மீன் அப்பளமும், சீராப் கலந்த சிவப்புச் சர்க்கரைத் தண்ணீரும்தான். அன்றைய சாப்பாட்டை எழுதிவைக்கும் சுவர்ப் பலகையில் மட்டும் ‘பச்சைப்பயற்றுக் கஞ்சி, பப்பாளி’ என்று டீச்சரின் அழகான கையெழுத்து இருக்கும்.

இன்று காலை, பிள்ளைகளின் பல்லைப் பார்க்க கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி வருவதாகப் போன் வந்தது. டீச்சர் அடுக்களைக்கு ஓடி வந்தார்.

“மல்லிகா, சீக்கிரம் கஞ்சி வைம்மா.”

தலையாட்டினேன். அடுப்பைப் பற்ற வைக்கவே இல்லை. மிஸ்ஸி வந்ததும் வழக்கமான கெரோப்போக் தட்டுகளைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் பலகையைப் படித்துவிட்டுத் தட்டைப் பார்த்தார்.

“கஞ்சி எங்க, கண்ணு?” என்று ஒரு பிள்ளையிடம் கேட்டார்.

“கஞ்சின்னா என்னா, மிஸ்ஸி?” என்றது பிள்ளை.

மிஸ்ஸி நோட்டில் நெடுநேரம் எழுதினார். டீச்சரின் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. மிஸ்ஸி போனதும், “ஏன் இப்படி செஞ்ச?” என்று என்னிடம் சீறினார்.

“தினமும் நீங்க சொல்றதத்தானே செய்றேன், டீச்சர்.”

நான் கஞ்சி வைத்திருந்தால் இன்று ஒரு நாளாவது பிள்ளைகள் வயிறாரக் குடித்திருப்பார்கள். அது மட்டும் உறுத்துகிறது. டீச்சரின் முகத்தை நினைத்துக்கொண்டால் அந்த உறுத்தலும் போய்விடுகிறது.