முந்திரித் தோல் சாயம்

இலக்கியாவின் அப்பாவுக்கு,

ரெட்டிபாளையத்தில் வேலை எப்படிப் போகிறது? ஆண்டிமடத்தில் நாங்கள் நலம்.

வெயில் பட்டால் இலக்கியாவுக்குத் தோல் கொப்பளிக்கிறதே, அதற்கொரு வழி தேடினேன். முந்திரிப்பருப்பின் சிவப்புத் தோலைக் கொதிக்கவைத்துப் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றினேன். துவைத்ததும் வெளுத்துவிட்டது. அடுத்த முறை கடுக்காய் சேர்த்தேன், சாயம் நின்றது. துணியை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்தேன்; சோதித்துப் பார்த்து, வெயிலை நன்றாகத் தடுக்கிறது என்றார்கள். அதிலேயே முழுக்கைச் சட்டை தைத்தேன்.

நேற்று உச்சிவெயிலில் அதைப் போட்டுக்கொண்டு என்னோடு கடைத்தெரு வரை நடந்து வந்தாள். கை சிவக்கவில்லை.

"எனக்கு வெயில் ஒண்ணும் பண்ணலன்னு அப்பாகிட்ட சொல்லும்மா, இனிமே வூட்டுக்கு வருவாங்க" என்றாள்.

"படிச்சது போதும், வூட்டோட கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்; அதன்பின் வீட்டுப் பக்கம் வரவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்புகிறேன். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை. அவள் பஸ் ஏறுவதைப் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா