அம்மா சொல்லாத பெயர்

அம்மாவின் கட்டைவிரலில் மை இன்னும் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்தேன், பிறகு சோப்புப் போட்டேன். ரேகைகளுக்குள் நீலமாக நிற்கிறது. பி.ஏ. படித்தவள், உங்கள் தீர்ப்பு நகல்களில் பிழை கண்டுபிடித்துக் காட்டியவள், நேற்று டிரஷரியில் கைநாட்டு வைத்தாள். பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த விரலைத் துடைக்கும்போதுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது, அப்பா. நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. போனவர்களுக்குக் கடிதம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் இந்தப் பயத்தைச் சொல்ல வேறு ஆளும் இல்லை.

ஜில்லா ஜட்ஜாக ஓய்வுபெற்ற வாரமே என்னை உட்காரவைத்து விளக்கினீர்கள். கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி பென்ஷன். அதில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்; நீங்கள் வாங்கி மாடியைக் கட்டினீர்கள். வயது ஏறினால் கொஞ்சம் கூடும். நீங்கள் போனால் அது அன்றோடு நிற்கும், அம்மாவுக்கு அதைவிடக் குறைந்த குடும்ப பென்ஷன் உண்டு. ஆனால் தானாக வராது. பென்ஷன் புக்கில் இருக்கும் மனைவி இவள்தான் என்று நேரில் போய்க் காட்ட வேண்டும்.

"எல்லாம் ஃபைல்ல பக்காவா இருக்கு. நீ கொண்டுபோய் நீட்டினாப் போறும்" என்றீர்கள்.

ஃபைல் பக்காவாகத்தான் இருந்தது. நீங்கள் இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட போட்டோ கூட நான்கு பிரதி. அம்மா அதில் ஸ்டூடியோக்காரனை முறைத்துக்கொண்டிருக்கிறாள். ஒன்றுதான் விட்டுப்போயிற்று. அம்மாவும் வாய் திறந்து பேச வேண்டியிருக்கும் என்பது. அவளுடைய மறதியை நீங்கள் கடைசிவரை வயசு என்றே சொன்னீர்கள். நானும் மறுக்கவில்லை.

அந்தப் பணம் வராவிட்டால் ஹோம் நர்ஸை நிறுத்த வேண்டும். நான் காலேஜில் இருக்கும் நேரமெல்லாம் அம்மா தனியாக இருப்பாள். ஒரு நாள் அப்படி இருந்தாள். திரும்பி வந்தபோது கேஸ் திறந்திருந்தது, தீ இல்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தீர்கள். உங்களிடம் சொல்லவில்லை.

நேற்று ஆட்டோ பழவங்காடிப் பிள்ளையார் கோயிலைத் தாண்டும்போது அம்மாவின் கைகள் தாமாகக் குவிந்தன. அதைப் பார்த்துக் கொஞ்சம் தைரியம் வந்தது. டிரஷரியில் பென்ஷன் பிரிவு ஆபீசர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். நல்லவர். புக்கைத் திறந்து வைத்துக்கொண்டு மலையாளத்தில் கேட்டார்: "அம்மே, பர்த்தாவின்றெ பேரு பறயாமோ?"

அம்மா அவரையே பார்த்தாள்.

"வீட்டுக்காரர் பேரு, அம்மா?" என்று தமிழில் கேட்டார்.

எங்கள் வீடுகளில் மனைவிமார் கணவர் பெயரைச் சொல்வதில்லை என்று நான் விளக்கினேன். விளக்கும்போதே என் குரல் எனக்குப் பொய்யாகக் கேட்டது.

"மனசிலாயி மேடம். ஆனா போன மாசம் ஒரு அம்மாவைக் கூட்டிட்டு வந்து இதே கசேரில உட்கார வச்சாங்க. போட்டோல உள்ளது வேற அம்மா. நான் கையெழுத்துப் போட்டிருந்தா என் ஜோலி போயிருக்கும்."

பின்னால் நின்ற பெரியவர் சிரித்தார். "என் வைஃப் ஒரு நாளைக்கு நூறு தடவை என் பேரைச் சொல்லித் திட்டுவா. இவாளைக் கண்டு படிக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள்.

நீங்கள் முன்சீஃபாக இருந்தபோது நடந்த ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. சாட்சிக் கூண்டில் ஒரு வயதான அம்மாள் கணவர் பெயரைச் சொல்ல மறுத்திருக்கிறாள். வக்கீல் படித்துக் காட்ட, அவள் தலையாட்டினாளாம். அன்று சாப்பிடும்போது சொன்னீர்கள்: "தலையாட்டினாப் போறாது. எதுக்கு ஆட்டினான்னு தெரியணும்." அம்மா ரசத்தை ஊற்றியபடி, "உங்க கோர்ட்டுக்கு நான் வந்தா என்ன எழுதுவேள்?" என்றாள். "சாட்சி ஒத்துழைக்கலைன்னு எழுதுவேன். நான் போனப்பறம் யாராவது கேட்டா என்ன பண்ணுவே?" "நான்தான் முன்னாடி போகப்போறேனே. அந்தக் கஷ்டம் உங்களுக்கு."

ஆபீசர் கடைசியில் உங்கள் பெயரைப் புக்கிலிருந்து தாமே படித்தார். இனிஷியலோடு, நிறுத்தி நிறுத்தி, ரிட்டயர்ட் டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ் என்பதுவரை. அம்மா புடவைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்து நின்றாள்.

"மதி, மதி, போதும். அம்மா இரிக்கட்டே" என்று நாற்காலியைக் காட்டினார் ஆபீசர். அவர் கண் கலங்கியிருந்தது. "பேரைக் கேட்டதும் எழுந்துட்டாங்களே, இதுக்கு மேல எனக்கு என்ன ப்ரூஃப் வேணும்?" மைப்பெட்டியை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

குடும்ப பென்ஷன் வந்துவிடும். நர்ஸிடம் சொல்லிவிட்டேன். நீங்களாக இருந்தால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டீர்கள். ஏனென்றால் உங்கள் பெயரைப் படிப்பதற்கு முன்பும் அம்மா இரண்டு முறை அப்படி எழுந்தாள். தலைப்பை இழுத்துக்கொண்டு, "ஆத்துக்குப் போலாமா?" என்று கேட்டாள். மூன்றாவது முறை எதற்காக எழுந்தாள் என்று எனக்குத் தெரியாது. ஆபீசரின் கண் கலங்கியதைப் பார்த்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். உங்கள் மகள் செய்கிற காரியமா என்று கேட்பீர்கள். வேறென்ன செய்திருப்பேன்?

வருஷா வருஷம் உயிரோடிருப்பதற்குச் சான்று கேட்பார்கள். யாராவது மறுபடியும் உங்கள் பெயரைக் கேட்கலாம். அம்மா சொல்லாமல் இருப்பது வழக்கத்தாலா, பெயர் போய்விட்டதாலா என்று வீட்டில் வைத்தே தெரிந்துகொண்டுவிடலாம். உங்கள் படம் கூடத்தில்தான் இருக்கிறது. முன்னால் உட்காரவைத்து, இது யார் என்று கேட்டால் போதும். நேற்று முழுக்கக் கேட்கவில்லை. இன்றும் கேட்கவில்லை.

அம்மாவின் அம்மாவுக்கும் கடைசியில் இப்படித்தான் இருந்தது. எனக்கு அடுத்த வருஷம் ஐம்பது. போன வாரம் வகுப்பில் ஒரு சாதாரணச் சொல் வாயில் வராமல் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் பெயரைச் சொல்லிப் பழக்கம் எனக்கும் இல்லை. இப்போது தினமும் குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டு, அம்மா காதில் விழாதபடி ஒரு முறை சொல்லிப் பார்க்கிறேன். இதுவரை வந்துவிடுகிறது.