கடல் தெரியாத வீடு

மார்ச் 4, செவ்வாய்

வாசல் தூணில் ‘விற்பனைக்கு’ என்று பலகை அடித்தாயிற்று. அடித்த வேகத்தில் முல்லைக்கொடி ஒன்று ஒடிந்துவிட்டது. தரகர் கவனிக்கவில்லை. அவர் கவனமெல்லாம் தன் பளபள ஷூவில் மண் ஒட்டாமல் நடப்பதில்.

விற்கும்வரை இங்கேயே தங்க வந்திருக்கும் தம்பி, விளம்பரத்தை வாசித்துக் காட்டினான். “கடற்கரைக்கு அருகில், நூற்றிருபது ஆண்டு பழமையான மாளிகை. நன்கு பராமரிக்கப்பட்ட மூன்று தோட்டங்கள்.”

பராமரித்தது யார், பூதமா என்று கேட்டேன். “விளம்பரத்துல பேரெல்லாம் போட மாட்டாங்கக்கா” என்றான்.

வீடு அவன் பெயரில். அவன் கல்லூரிக்குப் போனான். நான் ஆறாம் வகுப்போடு நின்று, படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். அப்பா உயிலில் எனக்கென்று எழுதியது ஒரு வரி: ‘மூத்தவளைத் தம்பி பார்த்துக்கொள்வான்.’ பார்த்துக்கொள்கிறான். நகரத்தில் நாலாவது மாடியில் எனக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறானாம். எழுபத்தொரு வயதில் தொட்டிச்செடி ஆகப்போகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

வீடு பார்க்க ஓர் அம்மாள் வந்தார். ஓய்வு பெற்ற கண் டாக்டர். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் குளியலறையைத் திறந்து பார்ப்பார்கள். இவர் ஒரு மணி நேரம் வீட்டுக்குள் காலே வைக்கவில்லை. ரோஜாப் பாத்தி அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நான் கிளை வெட்டிய இடங்களை விரலால் தடவிப் பார்த்தார்.

“சாய்வா வெட்டியிருக்கீங்க, தண்ணி நிக்காது. எங்க கத்துக்கிட்டீங்க?”

“செத்த செடிங்ககிட்ட” என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தார். கிளம்பும்போது தம்பியை வைத்துக்கொண்டே சொன்னார்: “வாங்கினா உங்களையும் சேர்த்துத்தான் வாங்குவேன். பின்னால இருக்கற சின்ன வீட்டுல நீங்க பாட்டுக்கு இருங்க. தோட்டம் உங்க கையிலயே இருக்கட்டும்.”

“நான் என்ன, கதவு ஜன்னலோட சேந்த சாமானா?” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? சரி என்று சொல்லத்தானே வாயைத் திறந்தேன்?

மார்ச் 11

டாக்டரம்மாவிடமிருந்து போன் இல்லை. நான் ஒன்றும் காத்திருக்கவில்லை. போன் பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன். ஒரு கிலோ. அத்தனையையும் யார் தின்பது?

மார்ச் 15, சனி

தரகர் புதிதாக ஒரு குறை கண்டுபிடித்திருக்கிறார். கடற்கரைக்கு அருகில் என்று போட்டும் மாடியிலிருந்து கடல் தெரியவில்லையாம். அந்தப் பக்கம் நிற்கும் சவுக்கு மரங்களை எடுத்துவிட்டால் போட்டி போட்டுக்கொண்டு வருவார்களாம்.

தம்பி என்னிடம் வந்தான். “அக்கா, அந்தச் சவுக்கு வரிசையால ஏதாவது உபயோகம் இருக்கா?”

“உன் வீடு, உன் மரம். என்னைக் கேக்கறியே, அதிசயமா இருக்கு.”

“இல்லக்கா, நெஜமாத்தான் கேக்கறேன்.”

“படிச்சவன் நீ” என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எலுமிச்சைப் பக்கம் போய்விட்டேன்.

உபயோகம் இருக்கிறதா என்று கேட்கிறான்! இந்த வீட்டை வாங்கி வந்த முதல் மூன்று வருடம் நான் வைத்த ரோஜா அத்தனையும் கருகியது. பழைய வீட்டுக்காரர் விட்டுப்போன இங்கிலீஷ் தோட்டப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு மூன்று நாள் என்று படித்தேன். அதில் இருந்த மருந்தெல்லாம் போட்டும் பிழைக்கவில்லை. ஒருநாள் ஆத்திரத்தில் ஒரு இலையைப் பறித்து நக்கிப் பார்த்தேன். உப்பு. காற்றில் வருகிற உப்பு. கடல் பக்கம் இரண்டு வரிசையாக இருபத்திரண்டு சவுக்குக் கன்று நட்டேன். அப்பா சிரித்தார். அவை வளர்ந்து காற்றைத் தடுத்த பிறகுதான் இங்கே முதல் ரோஜா பூத்தது.

இவ்வளவையும் அவனிடம் சொல்லியிருக்கலாம். ஐம்பது வருடத்தில் ஒரு தடவை நடந்து வந்து பார்த்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும்.

மார்ச் 18, செவ்வாய்

வெட்டிவிட்டார்கள். ரம்பச் சத்தம் மதியத்தோடு நின்றது.

மாடிக்குப் போனேன். என் ஜன்னலில் கடல். இத்தனை வருடம் காதில் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவு பெரிதாக, அவ்வளவு பக்கத்தில். அழகாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை.

மார்ச் 19

காற்று இல்லை. இப்படியே இருக்கட்டும்.

மார்ச் 24, திங்கள்

மூணு நாளா ஓயாத காத்து. ரோஜா இலையெல்லாம் ஓரம் கருகி, நெருப்புல காட்டின காகிதம் மாதிரி. எலுமிச்சை பிஞ்சோட உதிர்ந்து கிடக்கு. விடிஞ்சதுலேர்ந்து குழாயைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு இலையா கழுவறேன் — கழுவி முடிக்கறதுக்குள்ள திரும்பவும் உப்பு. எத்தனை இலையைத்தான் கழுவ?

தம்பி ஓடி வந்தான். என்ன ஆச்சு என்றான். ஒரு இலையைப் பறித்துக் கொடுத்தேன். “நக்கிப் பாரு.”

நக்கினான். மரங்கள் நின்ற இடத்தைப் பார்த்தான். அவன் முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது.

“கேட்டேனேக்கா. ரெண்டு தடவ கேட்டேனே.”

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அவன் குழாயை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். இருட்டும்வரை இருவரும் கழுவினோம்.

ஏப்ரல் 2, புதன்

டாக்டரம்மா இரண்டாம் முறை வந்தார். ரோஜாப் பாத்தியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

தம்பி, “ஏதோ நோய் வந்து...” என்று ஆரம்பித்தான். என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான். எனக்கு எதற்கு அவன் பொய்?

“நோயில்லை. காத்தைத் தடுத்த மரத்த வெட்டினாங்க. வெட்டினா இப்படி ஆகும்னு எனக்குத் தெரியும். சொல்லலை.”

“ஏன் சொல்லலை?”

குனிந்து, கருகிய இலை ஒன்றைக் கிள்ளிப் போட்டேன்.

திரும்ப நட்டால் எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டார். மரம் காற்றைத் தடுக்க ஆறேழு வருடம், அதற்குப் பிறகுதான் ரோஜா வைக்கலாம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கும் அறுபத்தெட்டாச்சும்மா” என்றார்.

கார்வரை கூடப் போனேன். பின்னால் இருக்கும் சின்ன வீட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நான் பேசியிருக்கலாம்.

ஏப்ரல் 20

விலை பேசி முடித்தாயிற்று. வாங்குகிறவர் விடுதி நடத்துகிறவர். நேரே மாடிக்குப் போனார். ஜன்னலைத் திறந்து கடலைப் பார்த்ததும் கைகொடுத்துவிட்டார்.

ஜூலை 6, ஞாயிறு

விடுதிக்காரர் போன் செய்தார். என் எண்ணைத் தம்பிதான் கொடுத்தானாம். இருந்த செடிகளை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தாராம், அதுவும் காய்கிறதாம். “என்ன உரம் போடலாம்மா?”

உரத்தால் ஒன்றும் ஆகாது, மரம் நட வேண்டும் என்றேன். எங்கே, எத்தனை, எவ்வளவு இடைவெளி — எல்லாம் சொன்னேன். குறித்துக்கொண்டார். பிறகு, “அப்ப ரூம்லேர்ந்து கடல் தெரியாதே?” என்றார்.

“தெரியாது.”

“ஐயோ, அதுக்குத்தானே ஜனங்க வர்றாங்க” என்று சிரித்தார். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

தம்பி கதவருகில் நின்றிருந்தான். “என்னக்கா கேட்டாரு?” என்றான். எல்லாவற்றையும் சொன்னேன்.

இந்த நாலாவது மாடி அறையிலிருந்து எதிர்க் கட்டடம் மட்டும்தான் தெரியும். காற்று எந்தப் பக்கம் என்று அறிய, அங்கே கொடியில் காயும் துணிகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்று காலையிலிருந்து எல்லாம் ஒரே பக்கமாகப் பறக்கின்றன. கடல் காற்று. இந்நேரம் அங்கே இலைகளைக் கழுவியிருக்க வேண்டும்.