மடங்காத முழங்கை

டிசம்பர், செவ்வாய் இரவு

ஒரு கார்டிகனுக்காக இவ்வளவு நேரம் விழித்து எழுதுவதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பிஜி விடுதியில் என் அறைத்தோழி சுமா நாளை வேலை மாறிப் புனே போகிறாள். அந்தக் கார்டிகனை அவளுக்காகத் தடித்த பனியன் துணியில் தைத்தேன். உடம்புக்கு அவளுடைய டி-ஷர்ட், கைக்கு என் சுடிதார் டாப் என்று இரண்டு அளவையும் சேர்த்து வெட்டினேன். கையில் மட்டும், குறுக்கே வர வேண்டிய துணியின் இழுபடும் பக்கத்தை நீளவாக்கில் வைத்துவிட்டேன்.

இன்று போட்டுப் பார்த்தாள். கை இறுக்கிப் பிடித்து, முழங்கை மடங்கவில்லை.

"ஏய், இதப் போட்டுட்டு எப்படிடி சாப்பிடுறது? நீ வந்து ஊட்டி விடுவியா?" என்று சிரித்தாள். பிறகு, "பரவால்ல, அங்க யாராவது டெய்லர்கிட்ட குடுத்துக்கிறேன்" என்று பெட்டியில் வைத்துவிட்டாள்.

நான் தலையாட்டினேன். புதுக் கை வெட்டத் துணி மிச்சமிருக்கிறது. காலையில் சொல்ல வாய் வருமா?

சுமா, அதை இங்கேயே விட்டுவிட்டுப் போ. கூரியரில் அனுப்பச் சொல்லாதே. வாங்கிக்கொள்ள நீயே வா.